'டூர்ல என்ன பார்த்தே?' 'பஸ்ஸு!' - அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வாண்டுகளை எங்கே, எப்படி அழைத்துப் போகலாம்?

ராத்திரி ஒன்பதரை மணிக்கு கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ் வந்து விழும். 'அன்பான பெற்றோர்களே, வரும் சனிக்கிழமை சுற்றுலா. காலை 5.30-க்குப் பள்ளியில் இருக்க வேண்டும். கட்டணம் 1,450 ரூபாய். திங்கள்கிழமைக்குள் கட்டவும்.' அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல் எமோஜிகள். எங்கே போகிறார்கள்? தீம் பார்க். எதற்குப் போகிறார்கள்? அதை மட்டும் குரூப்பில் ஒருத்தரும் கேட்பதில்லை.

என் அக்கா மகள் மூணாவது படிக்கிறாள். போன வருஷம் இப்படி ஒரு டூர் போய்விட்டு ராத்திரி எட்டரை மணிக்கு வந்து இறங்கினாள். கண் சொக்குது, யூனிஃபார்மில் புளியோதரைக் கறை.

"டூர்ல என்னடி பார்த்தே?"

"பஸ்ஸு மாமா! பஸ்ல டிவி இருந்துச்சு. லைட்டெல்லாம் கலர் கலரா எரிஞ்சுச்சு."

"அப்புறம்?"

"ரைடுல ஏத்தல. ஹைட் பத்தலன்னுட்டாங்க."

முடிந்தது கதை. பதினைந்து மணி நேரம், 1,450 ரூபாய், மிச்சம் ஒரு பஸ். அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏழு, எட்டு வயசுப் பிள்ளைக்கு அந்த நாளில் புதுசாகக் கிடைத்தது பஸ்தான்.

இதைப் படிக்கிற நீங்கள் இப்போதுதான் ஒரு பிரைமரி ஸ்கூலில் மிஸ்ஸாகவோ சாராகவோ சேர்ந்திருக்கலாம். ஹெச்.எம் கூப்பிட்டு, "இந்த வருஷ டூர் உங்க பொறுப்பு" என்று தலையில் கட்டியிருக்கலாம். அல்லது, அந்த வாட்ஸ்அப் குரூப்பில் கட்டைவிரலை நீட்டலாமா வேண்டாமா என்று யோசிக்கிற அம்மா, அப்பாவாக இருக்கலாம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: உங்களைச் சுற்றி ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கிற சில இடங்களுக்கு ஈடான பாடப்புத்தகம் கிடையாது.

டூர் போனா நிஜமாவே ஏதாவது மண்டையில ஏறுமா?

ஏறும். இதை ஒழுங்காகச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் 2011-ல் கிரிஸ்டல் பிரிட்ஜஸ் என்று ஒரு ஓவிய அருங்காட்சியகம் திறந்தார்கள். பள்ளிகளுக்கு டூர் இலவசம் என்றதும் விண்ணப்பங்கள் குவிந்துவிட்டன. எல்லோரையும் ஒரே நேரத்தில் சமாளிக்க முடியாமல் குலுக்கல் போட்டார்கள். ஜே கிரீன் என்ற கல்வி ஆய்வாளரும் அவருடைய குழுவும் இதைப் பிடித்துக்கொண்டார்கள். குலுக்கலில் இடம் கிடைத்து டூர் போன பிள்ளைகளையும், இன்னும் போகாத பிள்ளைகளையும் ஒப்பிட்டார்கள். 123 பள்ளிகள், கிட்டத்தட்ட 11,000 மாணவர்கள்.

அங்கே இருந்த ஓர் ஓவியத்தில் சிலர் மேப்பிள் மரத்துப் பாகு காய்ச்சிக்கொண்டிருப்பார்கள். அடிமைமுறையை எதிர்த்தவர்கள், அடிமைகள் விளைவித்த கரும்புச் சர்க்கரை வேண்டாம் என்று இந்தப் பாகைப் பயன்படுத்திய கதையை டூரில் சொல்லியிருக்கிறார்கள். சில வாரங்கள் கழித்துக் கேட்டபோது, அந்த ஓவியத்தைப் பார்த்த பிள்ளைகளில் 88 சதவிகிதம் பேருக்கு அது நினைவிருந்தது. பரீட்சை வைக்கப்போகிறோம் என்று யாரும் சொல்லவே இல்லை! கிராமப்புறத்துப் பிள்ளைகளுக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கும் பலன் மற்றவர்களைவிட அதிகமாக இருந்ததையும் அந்த ஆய்வு சொன்னது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேலைக்கு ஆகும்.

ஆக, டூர் போனால் பிள்ளைகளுக்கு ஏதோ ஒன்று நிச்சயம் நினைவில் நிற்கும். அது பஸ்ஸின் கலர் லைட்டா, வேறு ஏதாவதா என்பதுதான் நம் கையில் இருக்கிறது.

முதல்ல கேள்வி, அப்புறம் இடம்

நம் பள்ளிகள் டூர் போடுகிற விதம் தலைகீழ். முதலில் இடத்தை முடிவு செய்கிறோம். அப்புறம் போகிற வழியில் இன்னும் நாலு இடத்தைச் சேர்க்கிறோம். "மிருகக்காட்சி சாலை, மியூசியம், பிளானட்டோரியம், பீச், எல்லாம் ஒரே நாள்ல" என்று நோட்டீஸ் அடித்தால் பெற்றோருக்கும் கொடுத்த காசுக்கு நிறைவு. குழந்தைக்கு? "ஏறு, இறங்கு, வரிசையில நில்லு, எண்ணு, ஏறு." அவ்வளவுதான்.

மாற்றிப் போடுங்கள். வகுப்புக்கு ஒரே ஒரு கேள்வி. அதற்குப் பதில் சொல்லக்கூடிய ஒரே ஒரு இடம். கேள்வி பெரிசாக இருக்க வேண்டியதில்லை. குழந்தை தினமும் தொடுகிற ஒரு பொருளிலிருந்து தொடங்கினால் போதும். தோளில் தொங்குகிற வாட்டர் பாட்டில், காலையில் குடித்த பால், அப்பா வேலைக்குப் போகிற ரயில். எனக்குப் பிடித்தது வாட்டர் பாட்டில்தான், ஏனென்றால் அந்தக் கேள்வி நேராகப் பூண்டிக்குப் போகும்.

பாட்டில்ல இருக்கிற தண்ணி எங்கேருந்து வருது?

ஒரு வாரம் முன்பே இந்தக் கேள்வியை வகுப்பில் போட்டுவிடுங்கள். "பைப்புல இருந்து", "லாரியில இருந்து", "கேன் கார அண்ணன் கொடுப்பார்" என்று பதில் வரும். எல்லாமே சரியான பதில்தான். லாரிக்கும் பைப்புக்கும் எங்கேயிருந்து வந்தது என்று அடுத்ததாகக் கேளுங்கள்.

பூண்டி ஏரி, ஆவடியிலிருந்து திருவள்ளூர் வழியாக ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலான பயணம். கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே கட்டிய நீர்த்தேக்கம் இது. சென்னை மேயராக இருந்த சத்தியமூர்த்தி இதற்காகப் பாடுபட்டார். 1940-ல் அடிக்கல் நாட்டி 1944-ல் திறந்தார்கள். திறப்பைப் பார்க்க அவர் இல்லை, 1943-லேயே இறந்துவிட்டார். அதனால்தான் அதற்கு 'சத்தியமூர்த்தி சாகர்' என்று பெயர். குழந்தைகளிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள், "அய்யோ பாவம் மிஸ்" என்று நாலு குரலாவது வரும்.

பூண்டிக்கு இன்னொரு தண்ணீரும் வருகிறது. ஆந்திராவின் கண்டலேறு அணையிலிருந்து சுமார் 177 கிலோமீட்டர் கால்வாயில் ஓடி வருகிற கிருஷ்ணா நதி நீர். 1996-ல் முதன்முதலாக வந்தது. பூண்டியிலிருந்து கால்வாய்கள் வழியாகத்தான் புழல் ஏரிக்கும் செம்பரம்பாக்கத்துக்கும் தண்ணீர் போகிறது. பூந்தமல்லிப் பிள்ளைகளுக்குச் செம்பரம்பாக்கம் பக்கத்து ஊர், அம்பத்தூர்ப் பிள்ளைகளுக்குப் புழல் பக்கத்து ஊர். வகுப்பில் தரையில் சாக்பீஸால் ஒரு படம் போட்டு, அங்கங்கே ஒரு சொம்பை வைத்து, ஊருக்கு ஊர் கோடு இழுத்துக் காட்டிவிட்டு அழைத்துப் போங்கள். அணையைப் பார்த்ததும், "மிஸ், இதுதானே அந்தப் பெரிய சொம்பு?" என்று கேட்பார்கள்.

பூண்டியின் முழுக் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. இது செய்தி வாசிப்பவருக்குப் புரியும், செல்விக்கும் சேகருக்கும் புரியாது. தெருவில் வருகிற 12,000 லிட்டர் தண்ணி லாரியில் அள்ளினால் கிட்டத்தட்ட 76 லட்சம் நடை அடிக்க வேண்டும் என்று சொல்லுங்கள். அப்புறம் இதையும் சொல்லுங்கள்: 2019 கோடையில் இந்த ஏரிகள் எல்லாம் ஏறக்குறைய வறண்டுபோயின. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அந்த ஜூலை 12-ம் தேதி 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டரோடு முதல் ரயில் வந்து நின்ற இடம் நம்ம வில்லிவாக்கம். அன்றைக்கு வாண்டுகளாக இருந்தவர்கள், பிறக்காதவர்கள்தான் இப்போது உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். "வீட்டுல போய்க் கேட்டுட்டு வாங்க, 2019-ல தண்ணிக்கு என்ன பண்ணீங்கன்னு" என்று ஒரு வேலை கொடுங்கள். குடத்தோடு ராத்திரி ரெண்டு மணிக்கு லாரிக்குக் காத்திருந்த கதை எல்லா வீட்டிலும் இருக்கும்.

பூண்டியிலேயே நீர்வளத் துறையின் ஆய்வு நிலையம் ஒன்று இருக்கிறது. அணை, மதகு, ஆற்று முகத்துவாரம் இவற்றையெல்லாம் சிமென்ட்டிலும் செங்கல்லிலும் குட்டியாகக் கட்டி, நிஜத் தண்ணீர் விட்டுச் சோதித்துப் பார்க்கிற இடம். மழைக்காலத்தில் ஓட்டுக்கு நடுவே காகிதக் கப்பல் விட்டு, மண்ணில் அணை கட்டுகிற வயசுப் பிள்ளைகளுக்கு, பெரியவர்களும் இதையே சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிறார்கள் என்று தெரிந்தால் எப்படி இருக்கும்! இதற்குத் துறையிடம் முன்கூட்டியே கடிதம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கேட்பதற்குச் செலவு ஒரு தாள்தான்.

நாலாவது, அஞ்சாவது பிள்ளைகள் என்றால் கேள்வியை மாற்றிவிடலாம். 'இங்கே நமக்கு முன்னாடி யார் இருந்தாங்க?' பூண்டியில் தொல்லியல் துறையின் தொல்பழங்கால அருங்காட்சியகம் இருக்கிறது. சின்னதுதான், ஆனால் உள்ளே இருப்பது சின்ன விஷயமில்லை. ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற நிலவியலாளர் 1863-ல் முதலில் பல்லாவரத்திலும், சில மாதங்களில் பூண்டிக்குப் பக்கத்திலுள்ள அத்திரம்பாக்கத்திலும் ஆதிமனிதர்களின் கல் கருவிகளைக் கண்டெடுத்தார். பிற்பாடு சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் அத்திரம்பாக்கத்தில் பல ஆண்டுகள் அகழாய்வு செய்தார்கள். அங்கே கிடைத்த கைக்கோடரிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-ல் அவர்கள் வெளியிட்ட முடிவு உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. திருவள்ளூர் மாவட்டத்து ஆற்றங்கரையில்!

15 லட்சம் என்றால் பத்து வயசுப் பிள்ளைக்கு என்ன புரியும்? இதற்கு ஒரு விளையாட்டு இருக்கிறது. ஓர் அடி எடுத்து வைத்தால் ஆயிரம் வருஷம் பின்னால் போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் அடியில் ராஜராஜ சோழன். ரெண்டாவது அடியில் திருவள்ளுவர். அந்தக் கைக்கோடரியைச் செய்தவரைப் பார்க்க 1,500 அடி நடக்க வேண்டும். குழந்தை நடைக்கு முக்கால் கிலோமீட்டர் வரும். எண்ணிக்கொண்டே நடக்கவிடுங்கள். முந்நூறில் சிலர் கால் வலிக்கிறது என்பார்கள், ஐந்நூறில் எண்ணிக்கையில் சண்டை வரும். பரவாயில்லை. அதற்கப்புறம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற கல்லைப் பார்க்கும்போது அது வெறும் கல்லாகத் தெரியாது.

ஒரு விஷயம். அத்திரம்பாக்கத்துக்கோ, குடியம் குகைக்கோ பிரைமரி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். முதல் இடத்தில் சின்னக் கண்களுக்குத் தெரிகிற மாதிரி பெரிதாக எதுவும் இல்லை, ரெண்டாவது காட்டுப் பாதை நடை. அருங்காட்சியகம் போதும். அதுவும் எந்த நாளில் திறந்திருக்கும் என்று போன் போட்டுக் கேட்ட பிறகு.

அரை நாள் போதும்னா...

ஒண்ணாவது, ரெண்டாவது பிள்ளைகளை பஸ்ஸிலேயே ஏற்ற வேண்டியதில்லை. நடந்து போகிற தூரத்தில் இருக்கிற போஸ்ட் ஆபீஸ் ஒரு அற்புதமான டூர். போஸ்ட் கார்டு 50 காசுதான். ஆளுக்கு ஒன்று. ஒரு பக்கம் படம் வரையட்டும், மறுபக்கம் வீட்டு முகவரியை மிஸ் உதவியோடு எழுதட்டும். அம்பத்தூர் என்றால் 600 053, ஆவடி 600 054, பூந்தமல்லி 600 056. இந்த ஆறு இலக்க எண் 1972-ல் வந்தது என்பதையும், முதல் இலக்கமான 6 நம்ம தெற்குப் பகுதியைக் குறிக்கிறது என்பதையும் சொல்லுங்கள். முத்திரை குத்துகிற 'டம்' சத்தத்தை அவர்கள் கேட்க வேண்டும், அதுதான் டூரின் ஹைலைட். ரெண்டு மூணு நாளில் தபால்காரர் வீட்டுக்கு வந்து, குழந்தை தனக்குத் தானே போட்ட கடிதத்தைக் கொடுப்பார். எந்த தீம் பார்க்கும் மூணு நாள் கழித்து வீட்டுக்கு வந்து கதவைத் தட்டாது.

ரயில் பைத்தியங்களுக்கு (எல்லாப் பிள்ளைகளும்தான்) வில்லிவாக்கம் பக்கம் நியூ ஆவடி ரோட்டில், ஐ.சி.எஃப்-பை ஒட்டி ரயில் மியூசியம் இருக்கிறது. பழைய நீராவி எஞ்சின்கள், பெட்டிகள், சுற்றி வர ஒரு குட்டி ரயில். 1955 அக்டோபர் 2-ல் நேரு தொடங்கிவைத்த ஐ.சி.எஃப் தொழிற்சாலையில்தான் 2018-ல் முதல் வந்தே பாரத் ரயில் பிறந்தது. அங்கே பஸ்ஸில் போவதைவிட, முடிந்தால் லோக்கல் ரயிலில் போங்கள். ஏனென்றால் அந்தத் தண்டவாளத்துக்கே ஒரு கதை இருக்கிறது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. போன வழி நம்ம ஆவடி, திருவள்ளூர் வழிதான். தினமும் கேட் போட்டு உங்களைக் கடுப்பேற்றுகிற அதே லைன்! காலை எட்டிலிருந்து பத்து வரை மட்டும் ரயில் பக்கம் போகவே வேண்டாம். அந்தக் கூட்டத்தில் பெரியவர்களே தொலைந்துபோவார்கள். பதினொரு மணி ரயில் காலியாக வரும்.

பால் கேள்விக்கு அம்பத்தூரிலேயே ஆவின் பால் பண்ணை இருக்கிறது. உள்ளே பார்க்க அனுமதி கேட்டுக் கடிதம் போடலாம். கிடைக்கவில்லை என்றாலும் விட்டுவிடாதீர்கள், தெருவில் மாடு வைத்திருப்பவர் ஒருவர், ஒரு பூத், ரெண்டையும் பார்த்தாலே பாதிப் பாடம் முடிந்தது. ஒரே பால் ஏன் விதவிதமான கலர் பாக்கெட்டில் வருகிறது என்று கேளுங்கள். டோன்டு பாலில் 3 சதவிகிதம் கொழுப்பு, ஆரஞ்சு பாக்கெட் ஃபுல் க்ரீமில் 6 சதவிகிதம். ரெண்டையும் காய்ச்சி ஆடையை ஒப்பிட்டுப் பார்ப்பது மறுநாள் வகுப்பு.

ஆவடி பக்கம் பருத்திப்பட்டு ஏரியைச் சுற்றி நடைபாதை இருக்கிறது. ஜனவரியில் காலை ஏழு மணிக்குப் போனால் நாமக்கோழி, நீலத் தாழைக்கோழி, நீர்க்காகம், அதிர்ஷ்டம் இருந்தால் கூழைக்கடா. பறவைப் பெயரைப் பாராயணம் செய்யச் சொல்லாதீர்கள். ஒரு குழந்தைக்கு ஒரு பறவை. பத்து நிமிஷம் அது என்ன செய்தது என்று மட்டும் பார்க்கட்டும். ஏரிக்குள் ஏன் சாக்கடை கலக்கிறது, ஏன் நாறுகிறது என்றும் கேட்பார்கள். கேட்கட்டும். கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பது பசுமைத் தீர்ப்பாயம் வரை போன விவகாரம், குழந்தையிடம் மறைக்க என்ன இருக்கிறது?

ஆவடி என்றதும் டாங்கி ஃபேக்டரி ஞாபகம் வரும். அது ராணுவத் தளவாடம் செய்கிற இடம், பள்ளி டூர் லிஸ்ட்டில் எழுதி ஏமாறாதீர்கள்.

'மிஸ்... பாத்ரூம்!'

வாஷிங்டன் உயிரியல் பூங்காவில் 1980 வாக்கில் ஜான் ஃபால்க் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் ஒரு சோதனை செய்தார்கள். டூருக்கு முன்னால் ஒரு குழுவுக்கு விலங்குகளைப் பற்றிப் பாடம் எடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு, எப்படிப் போகப் போகிறோம், எங்கே சாப்பிடுவோம், எங்கே ஏதாவது வாங்கலாம் என்பதையெல்லாம் சொன்னார்கள். டூர் முடிந்த பிறகு விலங்குகளைப் பற்றி அதிகம் கற்றுக்கொண்டிருந்தது யார் தெரியுமா? சாப்பாட்டைப் பற்றித் தெரிந்துகொண்ட குழு!

யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். 'எப்போ சாப்பிடுவோம், பாத்ரூம் வந்தா யார்கிட்ட சொல்றது, நான் தொலைஞ்சுட்டா என்ன பண்றது' என்ற மூணு கவலையும் மண்டைக்குள் ஓடும்போது அணையாவது கோடரியாவது. அதனால் டூருக்கு முந்தின நாள் பாடம் எடுக்காதீர்கள். அன்றைய நாளைக் கதையாகச் சொல்லுங்கள். "எட்டு மணிக்கு பஸ் ஏறுவோம். ஒன்பதரைக்கு இறங்கினதும் முதல் வேலை பாத்ரூம். அப்புறம் பிஸ்கட். பன்னெண்டரைக்கு மரத்தடியில சாப்பாடு."

இதைச் சொல்ல வேண்டுமென்றால் உங்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். ஒரு வாரம் முன்பு, அதே கிழமை, அதே நேரம், நீங்கள் ஒருமுறை போய் வந்துவிடுங்கள். வண்டியில் ஒரு ஃப்ரெண்டைக் கூட்டிக்கொண்டு போனால் அதுவே ஒரு அவுட்டிங். போய், பாத்ரூம் கதவு பூட்டுமா, தண்ணீர் வருமா என்று பாருங்கள். இதைப் பார்க்காமல் போன டூர்களில் பெண் குழந்தைகள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் அடக்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்த கதையை எந்த அம்மாவிடம் கேட்டாலும் சொல்வார். நிழல் எங்கே, வீல் சேர் போகுமா, பக்கத்து ஆஸ்பத்திரி எது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மாதம்? ஜனவரி, பிப்ரவரி. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, உபரி நீர் திறக்கிற காலம், ஏரிப் பக்கமே தலை வைக்க வேண்டாம். மார்ச்சுக்கு அப்புறம் வெயில்.

கொஞ்சம் சீரியஸா பேசுவோம்

2024 ஜனவரி 18. குஜராத்தின் வதோதராவில் ஹர்ணி ஏரிக்கு டூர் வந்த பிள்ளைகளைப் படகில் ஏற்றினார்கள். அளவுக்கு மீறிய கூட்டம், பெரும்பாலானவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் இல்லை. படகு கவிழ்ந்து 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் இறந்துபோனார்கள். 2022 அக்டோபரில் கேரளாவின் வடக்கஞ்சேரியில், ஊட்டிக்கு ராத்திரியில் கிளம்பிய பள்ளி டூர் பஸ் மணிக்கு 97 கிலோமீட்டர் வேகத்தில் போய் அரசுப் பேருந்தின் மீது மோதியது. ஒன்பது பேர் பலி, அதில் ஐந்து பேர் மாணவர்கள்.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. இந்த ரெண்டு இடத்திலும் யாராவது ஒருவர் "வேண்டாம்" என்று சொல்லியிருக்க முடியும். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமே ஆன மிஸ்ஸுக்கு அப்படிச் சொல்ல பயமாகத்தான் இருக்கும். அதனால் கிளம்புவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்: சூரியன் உதித்த பிறகுதான் கிளம்புவோம், இருட்டுவதற்குள் திரும்புவோம், படகு கிடையாது, தண்ணீரில் இறங்குவது கிடையாது. பிரைமரி டூருக்குப் படகு தேவையே இல்லை என்பது என் கட்சி. இதில் பேச்சுவார்த்தைக்கே இடமில்லை.

வாடகை பஸ்ஸைவிட ஸ்கூல் பஸ் மேல். 2012-ல் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்த பிறகுதான் தமிழ்நாட்டில் பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனிச் சிறப்பு விதிகள் வந்தன. உதவியாளர், அவசர வழி, வருடாந்தர சோதனை எல்லாம் அதற்குள் வரும். வாடகை பஸ்தான் என்றால் எஃப்.சி, இன்ஷூரன்ஸ், பெர்மிட் மூன்றையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கலர் லைட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம், எமர்ஜென்சி கதவு திறக்கிறதா என்று திறந்தே பாருங்கள்.

எட்டு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர். ஆசிரியர்கள் போதவில்லை என்றால் அம்மாக்களைக் கூப்பிடுங்கள், பாட்டிகளையும். ஒவ்வொருவருக்கும் அவருடைய எட்டுப் பேரின் பெயர் எழுதிய சீட்டு. ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த எட்டை எண்ணினால் போதும், நாற்பதை எண்ண வேண்டியதில்லை. குழந்தையின் மணிக்கட்டில் உங்கள் போன் நம்பரைப் பேனாவால் எழுதிவிடுங்கள். பெயரை நெஞ்சில் பெரிதாக எழுதி மாட்டாதீர்கள், முன்பின் தெரியாதவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் குழந்தை போய்விடும். வாந்திக்கு ஆளுக்கு ரெண்டு கவர். வாந்தி மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

வராத பையன்

இப்போது காசு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பஸ் வாடகை 12,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நாற்பது பிள்ளைகளுக்குத் தலைக்கு 300. சாப்பாடு வீட்டிலிருந்தே வந்துவிடும். லோக்கல் ரயிலில் போனால் டிக்கெட் 5 ரூபாயில் தொடங்குகிறது. போஸ்ட் ஆபீஸுக்கு 50 காசு. மேலே சொன்ன எந்த டூருக்கும் 1,450 ரூபாய் வராது. வந்தாலும், நாற்பதில் நாலு பேரால் கட்ட முடியாது என்றால் நாற்பது பேருக்கும் கட்டுப்படியாகிற இடத்துக்குத்தான் போக வேண்டும். அல்லது அந்த நாலு பேருடைய பணத்தை, வகுப்பில் ஒருத்தருக்கும் தெரியாமல், பள்ளியே போட வேண்டும். டூரால் அதிகப் பலன் அடைந்தது ஏழைப் பிள்ளைகள் என்று அந்த ஆர்கன்சா ஆய்வு சொன்னதல்லவா? நம் ஊரில் டூரிலிருந்து முதலில் விடுபடுவது அவர்கள்தான்.

நான் நாலாவது படிக்கும்போது எங்கள் பள்ளியிலிருந்து வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கு டூர் போனோம். எனக்கு அதில் ஞாபகம் இருப்பது லெமன் சாதமும், வெயிலில் நின்ற வரிசையும்தான். எங்கள் வகுப்பில் ஒருவன் வரவில்லை. "வராதவங்க லீவு போட்டுக்கலாம்" என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் எல்லோரும் 'நான் சென்ற சுற்றுலா' என்று கட்டுரை எழுத வேண்டும். எல்லோரும் என்றால் எல்லோரும்.

அவனும் எழுதினான். காலையில் அம்மா இட்லி கட்டிக்கொடுத்தது, ஜன்னலோர சீட் கிடைத்தது, சிங்கம் தூங்கிக்கொண்டிருந்தது, யாரோ கல் எறிந்தபோது அது ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தது, யானை அவனைப் பார்த்துக் காதை ஆட்டியது என்று ரெண்டு பக்கம். டீச்சர் அவனுக்குப் பத்துக்கு எட்டு போட்டார்.

பஸ்ஸில் போய், வரிசையில் நின்று, நிஜச் சிங்கத்தைப் பார்த்துவிட்டு வந்த எனக்கு ஆறு.